முதலில் வண்டி, பிறகு பங்குச்சாமியார்

(வெள்ளிவிழா நவநாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று பாவசங்கீர்த்தனம் செய்வது என் முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, "சாமி, அப்பாவுக்கு நெஞ்சடைக்கிறது, அவஸ்தைபூச வாருங்கள்" என்று அழைத்தார்கள். ஓடினேன். அவர் வியர்வையில் நனைந்து கிடந்தார். மாலையிலிருந்தே 'வாயு' என்று சோடா கொடுத்திருந்தார்கள். ஒருவர் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தார். நானும் தைலம் பூசி, செபமாலை முடித்த பிறகே வண்டியை நினைத்தேன். மருத்துவமனை வாசலில் உயிர் பிரிந்தது. "ஆண்டவர் சித்தம்" என்றோம். நம் தாமதத்துக்கு ஆண்டவர் மேல் பழி போடலாமா?

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டால், நேரம் செல்லச் செல்லத் தசை மடிகிறது. அடையாளங்களைக் கேளுங்கள்: நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம்; கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி; குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல். பெண்கள், முதியோர், சர்க்கரை நோயாளருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் அசதியும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

உடனே 108-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. நோயாளியை நடக்கவிடாதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் வேளைக்கான 14 மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனைப்படி கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. நினைவிழந்து மூச்சும் நின்றால், நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அக்குபிரஷர் வேண்டாமா என்பீர்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, உட்புறத்தில் அழுத்துவது குமட்டலைத் தணிக்கக்கூடும். ஆனால் அடைப்பை எந்த விரலும் நீக்காது. வண்டிக்குச் சொல்லிவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் பயந்த மனதுக்கு ஆறுதலாகக் கையைப் பிடியுங்கள். அதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நோயில்பூசுதல் சாவுக்குச் சீட்டு அல்ல. நோயாளிக்குத் திடம் தரும் அருட்சாதனம். மருத்துவரும் கடவுளின் ஏற்பாடே என்கிறது சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம். ஆகவே, முதலில் வண்டியை அழையுங்கள். பிறகு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கே வந்து பூசுகிறேன்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!