வீசா வாய்ப்பூட்டாகலாமா?

(சித்தாண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வரும் வழியில் பெரியவர் ஒருவர் நம்மை மறித்து, "தம்பி, இன்றைக்கு நெல் விலையைப் பற்றித்தானே பேச்சு?" என்று கேட்டார். நெல் விலையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. இன்று பேச வந்திருப்பதோ, அந்த நெல் விற்ற காசில் நாம் விமானம் ஏற்றி அனுப்பிய பெண்மக்களைப் பற்றி.

ஒரே மாதத்தில் இரு வீட்டார் நம்மிடம் வந்தனர். "கனடாவில் என் மகளை மருமகன் அடிக்கிறான்" என்றார் ஒரு தகப்பனார். "காகிதம் கைக்கு வந்ததும் என் மகன்மீது பொய் சொல்லிப் பொலிசுக்குப் போய்விட்டாள்" என்றார் வேறொரு வீட்டுத் தாயார். இருவர் கண்களிலும் நீர். எவர் கூற்று மெய்? இங்கிருந்துகொண்டு தீர்ப்புரைக்க நமக்கு ஆற்றலில்லை. ஆனால் ஊர் தீர்ப்புரைத்துவிடுகிறது! "அடிபட்டவள் இரண்டு வருடம் ஏன் வாய் திறக்கவில்லை?" ஊரின் சட்டப் புத்தகம் இந்த ஒரு வினாவோடு முடிந்துபோகிறது.

விடை கூற விவசாயப் பெருமக்களையே அழைக்கிறோம். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வருமுன், அளவு மீறிக் குத்தகை நெல் கேட்ட காணிக்காரரை எதிர்த்துக் குத்தகை விவசாயி ஏன் வாய் திறக்கவில்லை? குறை இல்லாமலா? வாய் திறந்தால் அடுத்த போகத்துக்கு வயல் இல்லை! குத்தகை உரிமைக்குக் காப்பளித்தால்தான் அவன் பேசுவான் என்று கண்டே அச்சட்டத்தை ஆக்கினார்கள். (சட்டம் வந்த பின்னும் வெளியேற்றப்பட்டோர் பலர் என்பது வேறு கதை.) வயல் காணிக்காரர் கையில், வீசா கணவன் கையில். என்ன வேறுபாடு?

போலித் திருமணங்களைத் தடுக்கவென்று கனடா 2012 ஒக்டோபரில் ஒரு விதி செய்தது. உறவு தொடங்கி இரண்டாண்டுக்கு மேற்படாத, பிள்ளையில்லாத தம்பதியராயின், வந்து சேர்ந்தவர் அழைத்தவரோடு இரண்டாண்டு கூடி வாழவேண்டும். தவறினால் நிரந்தர வதிவுரிமை பறிபோகலாம். கொடுமைக்குள்ளானோருக்கு விலக்கு உண்டு. ஆனால் கொடுமையை எண்பிக்க வேண்டியவள் யார்? மொழியறியாத அந்தப் பெண்ணேதான். "ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற ஒரு சொல் போதாதா, அவள் வாயைப் பூட்ட? அடிபடுவோர் அஞ்சி அவ்வீட்டிலேயே கிடக்க நேர்கிறது என்று கண்டு, 2017 ஏப்ரலில் அவ்விதியைக் கனடா நீக்கிற்று. இன்று அங்கே நிரந்தர வதிவுரிமை பெற்றவள் கணவனைப் பிரிந்தாள் என்பதற்காக மாத்திரம் அவ்வுரிமையை இழப்பதில்லை. இதை அறியாமல் அடிபடுகிற நம் பெண்கள் எத்தனை பேரோ!

பிரித்தானியாவில் நிலை கடினம். 2012 ஜூலைக்குப் பின் அங்கே வாழ்க்கைத்துணையாகச் செல்வோர் நிரந்தர உரிமைக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். எனினும் கொடுமையால் மணம் முறிந்ததெனக் காட்டுவோர் அதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். கணவன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை. மருத்துவர் குறிப்பு, பொலிஸ் பதிவு, காப்பகத்தின் கடிதம் முதலியவற்றைக் கொண்டு எது நடந்திருக்கக்கூடியது என்றே பார்ப்பார்கள்.

பொய் முறைப்பாடே இல்லையா? உண்டு. காணி வழக்கில் பொய்ச் சத்தியக் கடதாசி முடிப்போரைக் கண்ட நாம், மண வழக்கில் மாத்திரம் எல்லோரும் அரிச்சந்திரர் என்று சொல்லமாட்டோம். பிரிந்த பின்னும் மனைவி பெறும் அரச உதவிப் பணத்துக்கு மூன்றாண்டு வரை கணவனே பொறுப்பாளி என்பது கனடாவின் பொதுவிதி. மாப்பிள்ளை வீட்டார் மனம் குமுறுவதில் வியப்பில்லை. ஆயினும் பொய்யுரைத்து உரிமை பெற்றதாகக் கண்டால் நாடு கடத்தவும், ஐந்தாண்டு தடை விதிக்கவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. சான்றுள்ளவர் குடிவரவு அதிகாரிகளிடம் கொடுக்கட்டும். பெண் வீட்டு வாசலில் நின்று ஏசுவது சாட்சியமாகாது.

நம் மட்டக்களப்பு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு ஒழிந்தது; ஆனால் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் ஒழியவில்லை. கணவன் கை ஓங்கினால் அடுத்த வளவில் தாய். எதிர் வளவில் பெரியம்மா. சாட்சிக்குப் பஞ்சமில்லை! இன்றோ அந்த வளவை ஈடு வைத்து, மகளை ஏழாம் மாடி அறையொன்றுக்கு அனுப்புகிறோம். அங்கே சாட்சி நான்கு சுவர்கள்தாம். திரும்பி வர நினைத்தாலும் வீடு கடன்காரன் கையில்!

ஆகையால் பெற்றோரே, சீதன உறுதி மகள் பெயரிலேயே இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணத்துக்காக அதை விற்காதீர்கள். கடவுச்சீட்டு, வீசா, விவாகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை நீங்களும் வைத்திருங்கள். மகள் தொலைபேசியில் அழுதால், "பொறுத்துப் போ மகள்" என்று சொல்லி வைத்துவிடாமல், நாளையும் நேரத்தையும் அவள் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். கணவன் விடுமுறையில் இங்கு வந்து அடித்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றில் பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

கூட்டம் முடிந்ததும் நாம் இம்மேடையருகிலேயே இருப்போம். கடிதமோ உறுதியோ கைப்பேசிச் செய்தியோ உடையோர் கொண்டு வரலாம். பெண் வீட்டாராயினும் சரி, மாப்பிள்ளை வீட்டாராயினும் சரி.