ஆடிப்பெருக்கில் தொடங்கும் நாட்காட்டிக் கணக்கு

(சிறுவணிகர் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



தை மாதம் பாதி கழிந்தபின் கடைவீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். கல்லாவுக்குப் பின்னால், கட்டுப் பிரிக்காத நாட்காட்டிகள் அடுக்கிக் கிடக்கும். கடையின் பெயரும் கைப்பேசி எண்ணும் அவற்றில் பொன்னிறமாக மின்னும். பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மாசி பிறந்தால் அவை பழைய தாள் விலைக்குப் போகும். நானூறு வாடிக்கையாளர் உள்ள கடை, மலிவு என்று எண்ணி ஆயிரம் அச்சிட்டதன் விளைவு அது.

மலிவு என்றது பொய்யன்று. வண்ணப்படம் அச்சிட நான்கு தகடுகள் வேண்டும். அவற்றை எந்திரத்தில் பொருத்தி, வண்ணம் சீராகும்வரை தாள்களை ஓட்டிக் கழிக்கவேண்டும். நூறு படி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் இந்த ஆயத்தச் செலவு ஒன்றே. கணக்குக்காக அதனை 3,000 ரூபாய் என்றும், தாளும் அட்டையும் கூலியும் படிக்கு 20 ரூபாய் என்றும் கொள்வோர், ஆயிரம் படிக்கு 23,000 ரூபாய் தரவேண்டும். படிக்கு 23 ரூபாய். நானூறு படிக்கு 11,000 ரூபாய்; படிக்கு 27 ரூபாய் 50 காசு. ஆயிரம் அடித்தவர் நானூறு மட்டுமே கொடுக்க முடிந்தால், கொடுத்த ஒவ்வொன்றின் உண்மை விலை 57 ரூபாய் 50 காசு. இக்கணக்கை எந்த அச்சகமும் போட்டுக் காட்டாது; காட்டவேண்டிய கடமையும் அதற்கில்லை.

ஆயத்தச் செலவைக் குறைக்கும் வழியைச் சிவகாசி நெடுங்காலமாகவே கடைப்பிடித்து வருகிறது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் ஆண்டளவில் அவ்வூரில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னர் வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அத்தேவையே அச்சகங்களை வளர்த்தது. லேபிள் அடித்த கைகள் நாட்காட்டிக்கும் வந்தன. அங்கே ஒரே படத்தைப் பெருந்தொகையாக அச்சிட்டு, அடியில் வெற்றிடம் விட்டுவைப்பர். ஆர்டர் வந்தபின் அவ்விடத்தில் கடையின் பெயரை மட்டும் அச்சேற்றுவர். படத்தின் செலவு பல கடைகளின் தலையில் பகிர்ந்து விழ, சிறுகடைக்காரர் தம் பெயருக்கான செலவை மட்டுமே தனியாக ஏற்கிறார். அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் பூசையிட்டு வெளியிடுவது அங்குள்ள வழக்கம்.

ஒரே முருகன் படம் தெருவில் மூன்று கடைகளின் பெயரோடு தொங்குகிறதே என்று வருந்துவோர் உண்டு. அது வீண் வருத்தம். படத்தை வீட்டார் முதல் வாரம் பார்ப்பர். பிறகு பார்ப்பது தேதியையும் இராகு காலத்தையும் கீழேயுள்ள எண்ணையுமே. ஆகையால் தனிப்படம் வரையச் செலவிடும் பணத்தை, எழுத்துப் பெரிதாக உள்ள தினசரி நாட்காட்டிக்குச் செலவிடுவது மேல். நாள்தோறும் தாள் கிழிக்க ஒருவர் அதன் முன் வந்து நின்றே ஆகவேண்டும் அல்லவா? பொன்னிற முத்திரையையும் விட்டுவிடலாம்; அதற்குத் தனி அச்சு, தனிக் கூலி.

ஆவணியிலேயே ஆர்டர் கொடுப்பவருக்கு விலையைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றுண்டு: மெய்ப்பைப் பார்க்க நேரம் கிடைக்கும். மார்கழி நெருக்கடியில் வந்த மெய்ப்பை நின்றபடியே பார்த்துக் கையெழுத்திட்டு, ஓர் இலக்கம் மாறிய எண்ணோடு ஐந்நூறு நாட்காட்டிகளைப் பெற்றவர் என்ன செய்வார்? மெய்ப்பில் உள்ள எண்ணை மற்றொருவர் வாசிக்க, அதனையே கைப்பேசியில் அழுத்திப் பார்ப்பது நல்லது. கடையில் மணி ஒலித்தால் எண் சரி.

தேதி இல்லாத பொருளுக்கு இந்த அச்சம் குறைவு. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தது. 2021 திசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பையில் ஒரே வண்ணத்தில் ஸ்கிரீன் அச்சடிக்கச் சட்டம் ஒன்று போதும். நூறு பைக்கும் கட்டுப்படியாகும். மிஞ்சிய பை அடுத்த ஆண்டும் செல்லும். அச்சகத்தாரிடம் அச்சட்டத்தைப் பத்திரப்படுத்தச் சொன்னால் மறுமுறை அச்செலவும் இல்லை. அதில் ஆண்டையோ 'புதிய கிளை' போன்ற சொற்களையோ சேர்க்காதிருத்தல் வேண்டும்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்து ஏறுமுன் வணிகர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பற்று வரவுப் பேரேட்டைத் திறந்து, கடந்த ஓராண்டில் வாங்கியவர்களைப் பெயர் பெயராக எண்ணிப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, அத்தொகையைச் சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். அச்சகத்தார் ஆயிரத்துக்கான விலையைச் சொல்லத் தொடங்கும்போது அச்சீட்டை எடுத்துப் பார்க்கட்டும்.