தராசு ஏமாறும், இருதயம் ஏமாறாது
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் வென்ற பிள்ளைகளுக்கு இன்று கோப்பை கொடுக்கிறோம். இவர்களில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சில மாதங்களில் டவுனில் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே டேக்வாண்டோ, சிலாட், குத்துச்சண்டை, பளுதூக்குதல் என்று எடை பார்த்து ஆள் பிரிக்கும் விளையாட்டுகள் உண்டு. அந்த எடையைக் குறைப்பதற்காக ரகசியமாக விழுங்கப்படும் ஒரு மாத்திரையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பரிசளிப்பு நாளில் மாத்திரைப் பேச்சா என்று நினைக்காதீர்கள். பெற்றவர்களும் பிள்ளைகளும் இப்படி ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் நாள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது.

நம் பள்ளியில் படித்துப் போன ஒரு பையன் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது என்னைத் தேடி வந்தான். டேக்வாண்டோவில் 45 கிலோவுக்குள் உள்ள பிரிவில் பெயர் கொடுத்திருந்தான். அவன் எடையோ 46 கிலோவுக்கு மேல். போட்டிக்கு இன்னும் மூன்றே நாள். "சார், பாட்டி சாப்பிடுற தண்ணி மாத்திரையை ரெண்டு போட்டா எடை இறங்கிடும்னு கூட்டாளிங்க சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டான்.

எடை இறங்குவது நிஜம்தான். ஆனால் இறங்குவது எது? அதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. இவை ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றிரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியே விடுகின்றன. உப்பு திரும்பும்போது அதன் பின்னாலேயே தண்ணீரும் திரும்புகிறது. ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய் தண்ணீர் விடுவதைத் தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள். உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் போகும். ஃபுரோசமைட் போன்ற நீர் மாத்திரைகள் அந்த உப்பைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. உப்பு சிறுநீரோடு போகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் போனால் தராசில் ஒரு கிலோ குறையும். ஆனால் கொழுப்பில் ஒரு பொட்டுக்கூடக் குறைந்திருக்காது.

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். வாளிப் பாலில் தண்ணீரை ஊற்றினால் எடை கூடும், ரப்பர் கூடுமா? அதனால்தான் ஸ்டோரில் வெறும் எடையை நம்பாமல், மெட்ரோலாக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். நீர் மாத்திரை போடும் விளையாட்டுக்காரர் அதையே தலைகீழாகச் செய்கிறார். அவர் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆள் குறைந்துவிட்டதாகத் தராசிடம் பொய் சொல்கிறார்.

தராசு அந்தப் பொய்யை நம்பிவிடும், உடம்பு நம்பாது. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கிற கொஞ்ச இரத்தத்தை ஊரெல்லாம் அனுப்ப இருதயம் வேகவேகமாக அடித்துக்கொள்ள வேண்டும். வேர்வைக்கும் நீர் போதாமல் உடம்பின் சூடு உள்ளேயே தங்கிவிடும். 50 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை ஒரு கிலோ நீரை இழந்தாலே ஓட்டம் தளரத் தொடங்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்த மாத்திரைகளில் பல, நீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் வெளியே தள்ளிவிடுகின்றன. இருதயம் தாளம் தப்பாமல் துடிப்பதற்கு அந்த உப்பு வேண்டும். அது மிகவும் குறைந்துபோனால் தசை இழுத்துக்கொள்ளும், மயக்கம் வரும், இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஐந்து வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மூவரும் வாலிப வயதினர். எடையைக் குறைக்க வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, வேர்வையை வெளியே விடாத ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, சூடான இடத்தில் பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகுதான் அங்கே அந்த உடைகளுக்கும் வெப்ப அறைகளுக்கும் தடை வந்தது. போட்டிக்குச் சற்று முன்பாகவே எடை பார்க்கும் வழக்கமும் வந்தது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில், மணிலாவில் நடக்கவிருந்த ஒரு சண்டைப் போட்டிக்கு முன்னால், 21 வயதுச் சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும் முயற்சியில் மயங்கி விழுந்து இறந்துபோனார். அந்தப் போட்டியை நடத்திய சிங்கப்பூர் நிறுவனம், உடம்பின் நீரை வற்றவைத்து எடை குறைப்பதை அதன் பிறகு தடை செய்துவிட்டது. ரப்பர் உடை, பட்டினி, மாத்திரை என்று வழி வேறாக இருக்கலாம், எல்லாம் உடம்பின் நீரை வற்றவைக்கும் வேலைதான்.

உயிர் தப்பினாலும் மானம் தப்பாது. 1988 சோல் ஒலிம்பிக்கில் பல்கேரியாவின் பளுதூக்கும் வீரர்கள் இருவர் தங்கம் வென்றார்கள். சிறுநீர்ச் சோதனையில் ஃபுரோசமைட் இருப்பது தெரிந்து, போட்ட பதக்கத்தைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த பல்கேரிய பளுதூக்கும் குழுவும் போட்டியை விட்டே விலகியது. நீர் மாத்திரை இன்றைக்கும் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில், போட்டி நாளிலும் மற்ற நாளிலும் கூடாதென்றே இருக்கிறது. எடையைக் குறைப்பது மட்டும் காரணமல்ல. வேறு மருந்து சாப்பிட்டவர்கள் அதன் தடயத்தை நீரோடு கரைத்து மறைக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தாய்மார்கள் அடுத்த செய்தியைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். 2003இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் உலகக் கிண்ணப் போட்டிக்காகத் தென்னாப்பிரிக்கா வரை போய், ஒரு பந்துகூட வீசாமல் வீடு திரும்பினார். ஓர் ஆண்டுத் தடை கிடைத்தது. சோதனையில் சிக்கியது ஒரு நீர் மாத்திரை. உடம்பு மெலிந்து தெரிய வேண்டும் என்று தம் தாயார் கொடுத்தார் என்றார் அவர். பெற்ற தாய் பாசத்தில் கொடுத்தது என்று சொல்லியும் தடை வந்தது வந்ததுதான்.

நம் வீடுகளிலும் இந்த மாத்திரை இருக்கிறது. பாட்டிக்குக் கால் வீக்கம், தாத்தாவுக்கு இருதயக் கோளாறு, அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு என்று கிளினிக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. என் பேச்சைக் கேட்டு யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள். நோயாளிக்கு டாக்டர் அளவு பார்த்து, இரத்தம் சோதித்துக் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பார்ப்பவர் யார்? ஆகவே மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், எண்ணியும் வையுங்கள். பயிற்றுநரே சொன்னாலும், கூட்டாளி சொன்னாலும், "டாக்டர் எழுதாத மாத்திரை எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். போட்டி நெருங்கும் நாட்களில் பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்தால், தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால், கோப்பையை மறந்துவிட்டு உடனே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். என்ன மாத்திரை போட்டான் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். "தம்பி, நீ வளருகிற பிள்ளை. எடை கூடத்தான் செய்யும். மாஸ்டரிடம் சொல்லி மேல் பிரிவில் நில்." அவன் 48 கிலோ பிரிவில் நின்றான். இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுவிட்டான். கொஞ்சம் அழுதான் என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட சோற்றை வயிறாரச் சாப்பிட்டான். இன்றைக்கும் உதைக்கிறான், ஓடுகிறான், வளர்கிறான்.

மாணவச் செல்வங்களே, இந்த மேடையில் இன்று கிடைக்கும் கோப்பை சின்னதுதான். ஆனால் நீங்கள் சோறு தின்று, தண்ணீர் குடித்து, வெயிலில் ஓடி, நேர்வழியில் வாங்கியது. நாளைக்குப் பெரிய மேடைகளில் ஏறும்போதும் இப்படியே வாங்குங்கள். பெற்றோர்களே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீங்கள் வளர்த்த பிள்ளையை ஒரு கிலோ கணக்குக்காகப் பணயம் வைக்காதீர்கள்.