வரிக்கு அடியில் ஒரு வரி

கோவில்பட்டியை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பள்ளியின் சுற்றறிக்கை ஏட்டை நீங்கள் அறிவீர்கள். தலைமையாசிரியர் எழுதுவார், ஏவலர் வகுப்பு வகுப்பாக எடுத்துச் செல்வார், ஆசிரியர் உரக்கப் படித்துக் கையொப்பமிடுவார். ஓர் ஐப்பசி நாளில், தேர்வுக் கட்டணத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, என் கையொப்பத்தைப் பக்கத்தின் அடியில் இட்டேன். இடையே வெற்றிடம் கிடந்தது. ஏடு மேசைமேல் இருந்த சிறு பொழுதில் மாணவன் ஒருவன், "இன்று பிற்பகல் விடுமுறை" என்று அவ்விடத்தில் எழுதிவிட்டான். அடுத்த மூன்று வகுப்புகளில் ஆசிரியர்கள் அதையும் படித்தார்கள். அவர்களைக் குறை கூற இயலுமா? கீழே என் கையொப்பம் இருந்ததே! பிள்ளைகள் புறப்பட்டுவிட்டார்கள். மழை பெய்தால் கரிசல் மண் காலை விடாது. மாலைப் பேருந்தில் செல்லவேண்டிய ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வண்டிப்பாதையில் நடந்தே போய், ஓடையில் வெள்ளம் வரக்கண்டு கரையிலேயே நின்றுவிட்டாள். இருட்டிய பின்னரே அவளைக் கண்டோம்.

கணினி உரையாடல் மென்பொருள்களில் 'கட்டளைப் புகுத்தல்' என்று வல்லுநர் கூறும் குறையைப் பற்றிப் படித்தபோது, அந்த ஏடே என் கண்முன் வந்தது.

1988ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை அமைத்தார். வாட்ஸ்அப் குழுக்களுக்கு அது பாட்டன் முறை எனலாம். அம்முறையில் நம் கணினி அனுப்புவன எல்லாம் வரிகளே. அறையில் சேர்வதற்கு ஒரு கட்டளைச் சொல், பேச்சை அனுப்ப ஒன்று, வெளியேற ஒன்று என்று ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளையைத் தாங்கிச் செல்லும். வரி முடிந்ததென்று அறிவிப்பவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள். தட்டச்சுப் பொறியில் உருளையை வலக்கோடிக்குத் தள்ளுவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் போன்றவை அவை. அக்குறிகள் வந்தால் பேச்சு முடிந்தது. அடுத்து வருவது புதிய கட்டளை. பேச்சுக்கும் கட்டளைக்கும் நடுவே உள்ள வேலி அவ்வளவுதான்!

இர்சி, எக்ஸ்-சாட் முதலியவை அம்முறையில் உரையாட உதவும் மென்பொருள்கள். "நான் இப்போது இந்தப் பாட்டைக் கேட்கிறேன்" என்று நண்பர்களுக்குத் தாமாகவே அறிவிக்கும் துணைநிரல்களைச் சிலர் அவற்றுக்கு எழுதியிருந்தார்கள். பாட்டின் பெயர் எம்.பி.3 கோப்பினுள்ளே இருக்கும். அதை எழுதியவர் யாரோ! பெயரின் நடுவே வரிமுடிவுக் குறிகளை வைத்து, அவற்றின் பின் ஒரு கட்டளையையும் அவர் எழுதியிருந்தால், துணைநிரல் ஆராயாமல் அப்படியே அனுப்பிவிடும். கேட்டவர் சொல்லாத சொல் அவர் பெயரால் பிறருக்குப் போகும். அவர் அறையின் பொறுப்பாளராயின், அந்த அதிகாரம் அயலான் கைக்கு மாறவும் கூடும். பாட்டு என்னவோ நல்ல பாட்டாகவே ஒலித்துக்கொண்டிருக்கும்! 2007இல் இது வெளிப்பட்டது. பரிகாரம் மிகச் சிறிது: பெயரிலுள்ள அக்குறிகளை நீக்கிவிட்டு அனுப்பவேண்டும்.

இது பழங்கதையன்று. விண்டோஸ் கணினிக்குரிய வாட்ஸ்அப்பில், 2.2450.6க்கு முந்தைய பதிப்புகளில், இதற்கு உறவான குறையொன்று இருந்ததென 2025 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் அறிவித்தது. வந்த கோப்பை இன்னதென்று காட்டும்போது அதனுடன் வந்த வகைக்குறிப்பை நம்பியது. திறக்கும்போதோ பெயரின் இறுதி எழுத்துகளை நம்பியது. இரண்டும் முரண்பட்டால், படமென்று எண்ணித் திறப்பவர் தம்மை அறியாமல் ஒரு நிரலை இயக்கிவிடுவார். படத்தைத் திறந்தவரை நாம் ஏசுவது எளிது; அவர் கண்ணுக்குக் காட்டப்பட்டது படந்தானே?

அம்மாணவனை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். வெற்றிடம் விட்ட என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முதல் கடைசி வரியின் அடியிலேயே கோடிழுத்து, அதை ஒட்டியே கையொப்பமிடலானேன்.