வண்டிக்கு பேட்டரி வாங்கும் முன்னே கணக்கு போடுவோம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சிற்றுண்டி வண்டி குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழு சாயங்காலம் டிபன் வண்டி போடுறது உங்களுக்குத் தெரியும். 5 மணிக்கு நிறுத்தினா 10 மணி வரைக்கும் வியாபாரம். விளக்கு மங்கினா வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிடும். வாடகை ஜெனரேட்டர் வச்சா சத்தமும் புகையும் தாங்காது, பெட்ரோல் காசும் கையைக் கடிக்குது. அதனால வண்டிக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் போடலாம்னு குழுவில் பேசினோம். வாங்கப் போறது கடன் பணத்தில். ஒரு வருஷத்தில் பேட்டரி படுத்துட்டா பேட்டரியும் இருக்காது, தவணை மட்டும் நிற்கும். அதான் கடைக்குப் போகும் முன்னே நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தோம்.

கணக்கு கஷ்டமில்லை. ஒவ்வொரு பொருள் மேலேயும் எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கும். அதை எத்தனை மணி நேரம் ஓட்டுவோம் என்பதோடு பெருக்கணும். 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, 5 மணி நேரம்: 180. சின்ன ஃபேன் 50 வாட், 5 மணி நேரம்: 250. போன் சார்ஜும் மற்ற சில்லறையும் 50. 500 வாட் மிக்சி, எல்லாம் சேர்த்து 20 நிமிஷம்: ஏறக்குறைய 170. மொத்தம் 650. இன்வெர்ட்டரும் ஒயரும் வழியிலேயே கொஞ்சம் தின்னுடும், அதுக்காக 800க்கு மேலேயே வேணும்னு வச்சுக்கிட்டோம்.

இப்போ பேட்டரி. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் பெருக்கினா 1800 வரும். ஆனா ஈய அமில பேட்டரியை அடி வரைக்கும் காலி பண்ணக் கூடாது. தினம் பாதி வரைக்கும் எடுத்தா நாலஞ்சு வருஷம்கூட உழைக்கும், முழுசா உறிஞ்சினா சீக்கிரம் செத்துப் போகும். பாதி என்றால் 900. நமக்குச் சரியாக இருக்கு. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி 600தான், பத்தாது. விலை குறையுதேன்னு அதை வாங்கியிருந்தா தினமும் பாதிக்கு மேல உறிஞ்சி சீக்கிரமே சாகடிச்சிருப்போம்.

பழைய லாரி பேட்டரி சகாயமா கிடைக்குது, அதை வாங்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. வேண்டாம். அது இஞ்சினைக் கிளப்ப சில நொடி நேரம் பெரிய வேகத்தில் மின்சாரம் கொடுக்கச் செய்தது. தினமும் மணிக்கணக்கா மெதுவா வடிய விட்டா உள்ளே தகடு கெட்டுடும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற டியூபுலர் வகைதான் இதுக்குத் தோது. அதே காரணத்துக்காக வண்டியோட சொந்த பேட்டரியிலிருந்தும் விளக்கு எடுக்கக் கூடாது. அப்புறம் வண்டியைத் தள்ளித்தான் கிளப்பணும்.

லித்தியம் பேட்டரி எடை ரொம்பக் குறைவு, முக்கால் பங்குக்கு மேல எடுக்கலாம், நாளும் கூடுதலா உழைக்கும். முதல் விலைதான் அதிகம். அதுக்கேத்த சார்ஜரும் வேணும். எங்க கடன் அளவுக்கு அது இப்போ எட்டாதுன்னு விட்டோம். வசதி உள்ள குழு யோசிக்கலாம்.

கரண்ட் அடுப்பைப் பத்தியும் பேச்சு வந்தது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை இந்தப் பேட்டரியில் ஓட்டினா அரை மணி நேரம்கூட வராது. சூடு பண்ற எதையும் பேட்டரியில் மாட்டாதீங்க. அதுக்கு கேஸ்தான். சட்னியைக்கூட வீட்டிலேயே அரைச்சுக்கிட்டு வந்தா மிக்சி கணக்கே மிச்சம். எங்களுக்கு அது ஒத்து வரலை, கூட்டம் வரும்போது மறுபடி அரைக்க வேண்டியிருக்கு.

இன்வெர்ட்டர் வாங்கும்போது வி.ஏ. எண்ணை மட்டும் பார்க்காதீங்க, எத்தனை வாட் என்று கேளுங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை, வாட் குறைவாத்தான் இருக்கும். எங்களுக்கு ஒரே நேரத்தில் எல்லாம் ஓடினா 600 வாட். மிக்சி சுத்த ஆரம்பிக்கும் நொடியில் அதைவிட அதிகமா இழுக்கும். அதனால 800 வாட்டுக்குக் குறையாத சைன் வேவ் இன்வெர்ட்டர் என்று தீர்மானத்தில் எழுதினோம்.

இனி சொல்றதை நல்லா கவனியுங்க. இது பணத்தைவிட பெரிசு. வீட்டு மின்சாரத்தில் 600 வாட்டுக்கு 3 ஆம்பியர்கூட ஓடாது. 12 வோல்ட்டில் அதே வேலைக்கு 50, 60 ஆம்பியர் ஓடும். சாதாரண ஒயர் போட்டா கொதிச்சு உருகும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தடிமனான செம்பு கேபிள், முடிஞ்ச அளவு குட்டையா போடணும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே, இன்வெர்ட்டர் புத்தகத்தில் சொன்ன அளவு ஃபியூஸ் இருக்கணும்.

நம்ம வண்டியில் கேஸ் சிலிண்டரும் இருக்கு. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அது மேலே போகும். சமையல் கேஸ் கசிஞ்சா தரையோட படியும். ரெண்டுக்குமே ஒரு பொறி போதும். அதனால பேட்டரிக்குத் தனிப் பெட்டி, மேல்பக்கம் காற்றுப் போக ஓட்டை, சிலிண்டருக்கு எதிர் மூலையில் வைக்கணும். இன்வெர்ட்டர் அந்தப் பெட்டிக்கு உள்ளே இருக்கக் கூடாது, சிலிண்டர் பக்கமும் கூடாது. 50 கிலோவுக்கு மேல எடை, உள்ளே அமிலம். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் அசையாதபடி பெல்ட் போட்டுக் கட்டணும். வண்டி உடம்பு இரும்பு என்பதால் எர்த், ஆர்.சி.சி.பி. வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். தெரிஞ்ச பையன் இருக்கான்னு அவன் கையில் விடாதீங்க.

கூரையில் சோலார் போடலாமேன்னும் கேட்டாங்க. 300 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் அளவு தரும், நமக்குப் போதும். ஆனா பகல் பூரா வண்டி நிற்கிறது வேப்ப மரத்தடியில்! நிழலில் தகடு சும்மாதான் கிடக்கும். முதல்ல ராத்திரி சார்ஜ் போட்டே ஓட்டுவோம்னு முடிவு. 7, 8 மணி நேரம் ஆகும்.

மூணு கடையில் விலைப்பட்டியல் வாங்கியாச்சு. உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்க ரெண்டு பேர் போறாங்க. டிஸ்டில்டு வாட்டர் பார்க்கிற வேலை மாசத்துக்கு ஒருத்தர். குழாய்த் தண்ணி, போர் தண்ணி ஊத்தக் கூடாது. பேர் வரிசை நோட்டில் எழுதியிருக்கு, வர்ற மாசம் யார் முறைன்னு பார்த்துக்கோங்க.