கீரி அறியாத தீவுகள்



சின்ன வயதில் சந்தைத் திடலில் வித்தை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. ஒரு பக்கம் முளையில் கட்டிய கீரி. மறுபக்கம் மூடிய கூடைக்குள் பாம்பு. 'இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை' என்று சொல்லிக்கொண்டே வித்தைக்காரர் தாயத்து விற்பார். கூட்டமும் கலையாமல் நிற்கும். கடைசிவரை சண்டை மட்டும் நடக்காது. ஆனாலும் கீரி என்றால் பாம்புக்குப் பகை என்பது நம் மனதில் ஊறிப்போய்விட்டது. ஒத்துப்போகாத இருவரைப் பார்த்தால், 'கீரியும் பாம்பும் மாதிரி' என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

இந்த நம்பிக்கைதான் கங்கைக் கழிமுகத்துக் கீரிகளைக் கப்பலேற்றி, கடல் கடந்த ஒரு தீவுக்கூட்டத்துக்குக் கொண்டுபோனது. அங்கே நடந்த கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஜப்பானின் கியூஷு தீவுக்கும் தைவானுக்கும் நடுவே, கடலில் அறுந்து விழுந்த மணிமாலை போல ஒரு தீவு வரிசை கிடக்கிறது. ரியூக்யு தீவுகள் என்று பெயர். நீளம் 1,000 கிலோமீட்டருக்கு மேல். இதே அட்சரேகையில் மேற்கே போனால் தார்ப் பாலைவனம், அரேபியப் பாலை, சகாரா என்று மணல்தான். இங்கேயோ குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டமும் பருவமழையும் சேர்ந்து, ஆண்டு முழுதும் இலை உதிராத பச்சைக் காட்டை வளர்த்திருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்தத் தீவுகள் ஆசியக் கண்டத்தின் ஓரமாக இருந்தன. நிலம் பிளந்து கடல் உள்ளே புகுந்தது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, அங்கிருந்த உயிர்கள் தாய்நிலத்திலிருந்து பிரிந்துவிட்டன. கண்டத்தில் இருந்த உறவினங்கள் பல காலப்போக்கில் அழிந்தன. தீவில் ஒதுங்கியவை தங்கள் போக்கில் வாழ்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்களாக மிஞ்சின.

அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது அமாமி கறுப்பு முயல். அமாமி ஓஷிமா, தொகுனோஷிமா என்ற இரண்டே தீவுகளில் மட்டும் வாழ்கிறது. முயல் என்றதும் நீண்ட காதும் தாவும் கால்களும் நினைவுக்கு வரும். இதற்கோ காது குட்டை, கால் குட்டை, உடல் முழுதும் அடர்ந்த கரும்பழுப்பு மயிர், மண்ணைத் தோண்ட வலுவான நகங்கள். பகலெல்லாம் வளையில் கிடந்து இரவில்தான் வெளியே வரும். தாய் முயல் குட்டிக்கென்று தனியாக ஒரு வளை தோண்டும். பால் கொடுத்து முடித்ததும் வளையின் வாயை மண்ணால் மூடி, முன்னங்கால்களால் அடித்து இறுக்கிவிட்டுப் போய்விடும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, திறந்து, பால் கொடுத்து, மறுபடி மூடும். பாம்பின் மூக்குக்கு எட்டாமல் குட்டியைக் காக்க அந்தத் தாய்க்குத் தெரிந்த வழி அது.

அந்தப் பாம்பின் பெயர் ஹபு. விரியன் குடும்பத்தைச் சேர்ந்த, கொடிய நஞ்சுள்ள பாம்பு. அமாமியிலும் ஒகினாவாவிலும் இயற்கையாக நரி இல்லை, பூனை இல்லை, ஊன் தின்னும் தரைவாழ் பாலூட்டி ஒன்றுகூட இல்லை. காட்டுத் தரையில் பயப்பட வேண்டியது ஹபுவுக்குத்தான். ஆகவே அங்குள்ள உயிர்கள் பாம்பிடமிருந்து தப்பும் வித்தையைத்தான் கற்றன. அமாமி முள்ளெலியைப் பாருங்கள். ஹபு சீறிப் பாயும் கணத்தில், தரையிலிருந்து நேராக மேலே துள்ளித் தப்பிவிடும். இந்த எலிக்கு இன்னோர் அதிசயமும் உண்டு. ஆண் என்று தீர்மானிக்கும் ஒய் குரோமோசோமே இதற்கு இல்லை. இருந்தும் ஆண் எலிகள் பிறக்கின்றன. அது எப்படி என்ற புதிரின் முக்கியமான முடிச்சை ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல்தான் அவிழ்த்தார்கள்.

ஒகினாவா தீவின் வடக்கே யன்பாரு என்றொரு காட்டுப்பகுதி. அங்கே வாழ்வது யன்பாரு குயினா. நம் கண்மாய்க்கரையில் ஓடும் கானாங்கோழியின் குடும்பம்தான். சிவந்த அலகு, சிவந்த கால், வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள். பறக்க வராது, ஆனால் ஓட்டத்தில் கெட்டி. இரவானால் சாய்ந்த மரத்தில் நடந்தேறி, கிளையில் உறங்கும். அதுவும் ஹபுவுக்கு அஞ்சித்தான். ஊர் மக்கள் இந்தப் பறவையைக் காலங்காலமாக அறிவார்கள். அறிவியல் உலகம் அதற்குப் பெயர் சூட்டியதோ 1981இல்.

தெற்கே இரியோமொத்தே தீவு. அங்கே ஒரு காட்டுப்பூனை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சிறுத்தைப் பூனையின் இனம்தான், ஆனால் தீவுக்கே உரிய தனிக் கிளை. 1965இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஊர்ப்பெயர் யாமாபிகார்யா; மலையில் மின்னுவது என்று பொருள். இருட்டில் அதன் கண்களைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அந்தத் தீவில் இயற்கையாக எலி கிடையாது. எலி இல்லாத ஊரில் பூனை எப்படிப் பிழைக்கும்? தவளை, அரணை, பறவை, நண்டு, இறால் என்று கிடைத்ததை எல்லாம் தின்னப் பழகிக்கொண்டது. நீரில் இறங்கியும் வேட்டையாடும். மிஞ்சியிருப்பவை சுமார் 100 பூனைகள்தான்.

இப்போது கீரிக்கு வருவோம்.

ஒகினாவாவின் கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை. எலியைத் தேடி வரும் ஹபு கடித்து உழவர்கள் செத்தார்கள். அதற்கு வழி தேடியவர் வதாசே ஷோசபுரோ, டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர். 1910இல் கங்கைக் கழிமுகத்திலிருந்து இருபதுக்கும் குறைவான கீரிகளைக் கொண்டுவந்து ஒகினாவாவில் விட்டார். இவர் ஒன்றும் அறியாதவர் அல்லர். இந்தத் தீவு வரிசையின் குறுக்கே உள்ள தொகாரா நீரிணைக்கு வடக்கே ஒருவகை உயிர்கள், தெற்கே வேறுவகை உயிர்கள் என்ற எல்லைக்கோட்டை இவர் பெயரால்தான் 'வதாசே கோடு' என்று வழங்குகிறார்கள். தீவின் உயிர்கள் தனிப்பட்டவை என்று உணர்ந்த அறிஞரே அந்தத் தீவுக்குள் கீரியை விட்டார். உழவர் உயிரைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் விட்டார்.

1979இல் அமாமி ஓஷிமாவிலும் ஹபுவை ஒழிக்க சுமார் 30 கீரிகளை விட்டார்கள். ஒரு சின்ன விஷயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கீரி பகலில் இரை தேடும். ஹபு இரவில் நடமாடும். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்புக் குறைவு. பசித்த கீரி பாம்பைத் தேடி அலையுமா? கைக்கெட்டிய முயலையும் முள்ளெலியையும் தவளையையும் பல்லியையும் தின்றது. பாம்பிடம் தப்பத் தெரிந்த உயிர்களுக்கு, பகல் வெளிச்சத்தில் ஓடிவரும் இந்த வேட்டைக்காரனை என்னவென்றே தெரியவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் அமாமியில் கீரிகள் 10,000 வரை பெருகிவிட்டன என்று கணித்தார்கள். கீரி போன இடமெல்லாம் முயல் காணாமல் போனது. ஒகினாவாவிலும் கீரியும், வீட்டை விட்டுக் காடேறிய பூனையும் சேர்ந்து யன்பாரு குயினாவை வடக்கு மூலைக்குத் தள்ளின.

செய்த தவறைத் திருத்தவும் மனிதர்கள்தான் வந்தார்கள். 2005இல் அமாமியில் 'மங்கூஸ் பஸ்டர்ஸ்' என்றொரு குழு அமைந்தது. மழையிலும் வெயிலிலும் செங்குத்தான மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி, தீவெங்கும் சுமார் 30,000 பொறிகளை வைத்துப் பார்த்துவந்தார்கள். அவர்கள் நடந்த காட்டில் ஹபுவும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. மோப்ப நாய்களைப் பழக்கினார்கள். நூற்றுக்கணக்கான தானியங்கிக் கேமராக்களை மரங்களில் கட்டினார்கள். கீரிகள் குறையக் குறைய வேலை கடினமானது. நாள்கணக்கில் நடந்தும் ஒன்றுகூட அகப்படாது. இருந்தும் விடவில்லை. கடைசிக் கீரி 2018 ஏப்ரலில் பிடிபட்டது. அதன்பிறகும் ஆறு ஆண்டுகள் காத்திருந்து, தேடி, உறுதி செய்துகொண்டு, 2024 செப்டம்பர் 3ஆம் தேதி ஜப்பான் அரசு அறிவித்தது: அமாமி ஓஷிமாவில் இனிக் கீரி இல்லை.

முயல்கள் திரும்பி வந்தன. 2003இல் அமாமி ஓஷிமாவில் 5,000க்கும் குறைவாக மதிப்பிடப்பட்டவை, பின்னர் எடுத்த கணக்கில் 10,000ஐத் தாண்டியிருந்தன. அவை திரும்பியது காட்டுக்கும் நல்லது. இந்தத் தீவுக்காட்டில், வேர்மீது ஒட்டி வளரும் ஓர் ஒட்டுண்ணிச் செடியின் கனியை முயல் தின்று, விதையை வேறிடத்தில் சேர்க்கிறது என்று 2023இல் கண்டறிந்தார்கள். முயல் அழிந்திருந்தால் இப்படி ஓர் உறவு இருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

வேலை முடிந்துவிடவில்லை. ஒகினாவாவில் கீரி இன்னும் இருக்கிறது. யன்பாருவுக்குள் நுழையாதபடி தீவின் குறுக்கே வேலி போட்டுத் தடுக்கிறார்கள். அமாமி ஓஷிமா, தொகுனோஷிமா, ஒகினாவாவின் வடபகுதி, இரியோமொத்தே ஆகிய நான்கையும் 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அதோடு பயணிகள் பெருகினால் வாகனமும் பெருகும். முயலும் குயினாவும் இரியோமொத்தே பூனையும் சாலையில் அடிபட்டுச் சாகின்றன. சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஓரங்களில் அவற்றின் படம் போட்ட பலகைகள் நிற்கின்றன. வேகத்தைக் குறையுங்கள் என்று ஓட்டுநரைக் கேட்டுக்கொள்கின்றன.

நேயர்களே, அமாமியில் சுமார் 30 கீரிகளை அவிழ்த்துவிட அதிக நேரம் ஆகியிருக்காது. அவற்றின் வம்சத்தை முழுதாக அகற்றி முடித்தோம் என்று சொல்ல 45 ஆண்டுகள் ஆயின. ஓர் உயிரை அதன் மண்ணிலிருந்து எடுத்து வேறொரு மண்ணில் விடும் முன், அது எப்போது விழிக்கும், எதைத் தின்னும், அங்கே அதை எதிர்கொள்ளத் தெரிந்தவர் யார் என்று கேட்டுப் பார்ப்போம். வளர்ப்புப் பூனையைக் காட்டோரம் விடுவதும், தொட்டி மீனைக் குளத்தில் கொட்டுவதும்கூட அப்படிப்பட்ட செயல்கள்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.