வேலைக்குப் போகிறவரின் எழுத்து



பகலில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்துவிட்டு, விடியுமுன் எழுந்து கதை எழுதுகிறவன் நான். "எழுத ஆசைதான், வேலை விடமாட்டேன் என்கிறது" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு கடைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எழுத்தாளர் ஆ. மாதவன் நடத்திய பாத்திரக் கடை. நம்மைப் போலவே தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவர் அவர். மலையாளத்தில் படித்தவர், தமிழைத் தாமே முயன்று கற்றார். கதை தேடி அவர் எங்கும் போகவில்லை. கடை வாசலில் நடமாடிய சுமைதூக்கிகளும் சில்லறைத் திருடர்களும் அவர் எழுத்தில் வந்து அமர்ந்தார்கள். அவருடைய தொகுப்பு ஒன்றின் பெயரே 'கடைத்தெருக் கதைகள்'. 2015-இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

மற்றொன்று, யாழ்ப்பாணத்தில் எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் முடிதிருத்தும் கடை. சாதி இழிவைத் தம் உடம்பில் பட்டறிந்தவர் அவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, போர்க்காலத்தையும் தாண்டி, 400 இதழ்களுக்குமேல் கொண்டுவந்தார்.

இவர்களுக்குத் தொழில் சோறு மட்டும் போடவில்லை, மனிதர்களைக் காட்டியது. வீட்டு வாடகையைச் சம்பளம் கட்டிவிடுவதால், நம் கதை யாருடைய விருப்பத்துக்கும் வளைய வேண்டியதில்லை. அது பெரிய சுதந்திரம்.

ஆனால் அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. நான் எழுதும் நேரத்தில் என் மனைவி அடுப்படியில் நிற்கிறாள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் பெண்களுக்கு எழுத ஒரு மணி நேரத்தை யார் தருவது? வீட்டிலிருக்கும் ஆண்கள்தான் தரவேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, உறுப்பினர்கள் தத்தம் வேலையிடம் பற்றி எழுத இடம் ஒதுக்குங்கள். மருத்துவமனை இரவுகளைச் செவிலியர் எழுதட்டும், நெடுஞ்சாலையை ஓட்டுநர் எழுதட்டும். இந்த ஊரில் தமிழர் எப்படி உழைத்தார்கள் என்பதை நாம் எழுதாவிட்டால், நமக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை.